வீட்டில் கட்டும் விமானம்: ஈ-எல்எஸ்ஏ கிட்டா, அமெச்சூர்-பில்ட்டா, வெறும் வரைபடமா?

அமெரிக்காவில் சொந்தமாக ஒரு விமானத்தைக் கட்டி ஸ்போர்ட் பைலட் என்ற எளிய விமானி உரிமத்தில் ஓட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த கிட் வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்பே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு கேள்விகள் உண்டு. என் உரிமத்தை வைத்துக்கொண்டு இந்த விமானத்தை ஓட்டலாமா என்பது ஒன்று. இந்த விமானம் எந்தச் சான்றிதழின் கீழ் பறக்கப்போகிறது என்பது இன்னொன்று. "லைட்-ஸ்போர்ட்" என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் புழங்குவதால் பலர் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, தேவையே இல்லாத கட்டுப்பாட்டுக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதல் கேள்விக்கான பதில் அண்மையில் அடியோடு மாறியது. 2004 செப்டம்பரில் வந்த பழைய விதி நீளமான பட்டியல்: அதிகபட்ச எடை 1,320 பவுண்டு (மிதவை விமானத்துக்கு 1,430), ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) இறக்காத நிலையில் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்காது) 45 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), மட்டப் பறப்பில் உச்ச வேகம் 120 நாட், இரண்டே இருக்கை, ஒரே பிஸ்டன் இன்ஜின், மடங்காத சக்கரம், பறக்கும்போது கோணம் மாற்ற முடியாத பிரொப்பெல்லர். 2025 ஜூலையில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ வெளியிட்ட மொசைக் விதி, ஸ்போர்ட் பைலட்டைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலைக் கிழித்துப்போட்டது. 2025 அக்டோபர் 22 முதல், விமானங்களுக்கு முக்கியமான எண் ஒன்றுதான்: அதிகபட்ச எடையில், ஃபிளாப் இறக்காமல், ஸ்டால் வேகம் 59 நாட்டைத் தாண்டக் கூடாது. எடைக்கு வரம்பு இல்லை. நான்கு இருக்கை வரை இருக்கலாம், ஆனால் கூட ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம். மடங்கும் சக்கரமோ கோணம் மாறும் பிரொப்பெல்லரோ இருந்தால் அதற்குத் தனிப் பயிற்சியும் பயிற்றுநரின் ஒப்புதல் கையெழுத்தும் வேண்டும். மருத்துவச் சான்றிதழுக்குப் பதில் ஓட்டுநர் உரிமம் போதும் என்ற சலுகை பகல் பறப்புக்கு அப்படியே தொடர்கிறது. கடைசியாக மருத்துவச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவருக்கும், வைத்திருந்த சான்றிதழ் ரத்தானவருக்கும் அந்தக் கதவு மூடியிருக்கும்.

இதனால் வீட்டில் கட்டுபவருக்கு என்ன மாறியது? ஒரு சின்னக் கணக்கு போட்டால் தெரியும். இறக்கையின் ஒவ்வொரு சதுர அடியும் எத்தனை பவுண்டு சுமக்கிறது என்பதே ஸ்டால் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை 295-ஆல் பெருக்கி, இறக்கையின் உச்ச ஏற்றக் கெழுவால் (இறக்கையின் தூக்குதிறனைக் குறிக்கும் எண்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஸ்டால் வேகம் நாட் கணக்கில் வரும். ஃபிளாப் இல்லாத சாதாரண இறக்கைக்கு அந்தக் கெழு சுமார் 1.4 முதல் 1.5. பழைய 45 நாட் வரம்பில் சதுர அடிக்குச் சுமார் 10 பவுண்டுதான் தாங்கும். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-12 அந்த விளிம்பில் வரையப்பட்டது: 127 சதுர அடி, 1,320 பவுண்டு, அதாவது 10.4. புதிய 59 நாட்டில் 16, 17 பவுண்டு வரை போகலாம். அதே நிறுவனத்தின் ஆர்வி-9ஏ 1,750 பவுண்டு, 124 சதுர அடி, 14.1 வருகிறது. கெழு 1.4 என்று வைத்தால் சுமார் 54 நாட். எடையிலும் வேகத்திலும் பழைய விதிக்குள் நுழையவே முடியாத விமானம் இன்று ஸ்போர்ட் பைலட்டுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது.

ஆகவே "1,320 பவுண்டுக்குள் அடக்க வேண்டும்" என்பதற்காகவே ஒரு கிட்டைத் தேர்ந்தெடுக்கும் காலம் போய்விட்டது. இனி வழியைத் தீர்மானிக்க வேண்டியது இரண்டாவது கேள்விதான்.

ஈ-எல்எஸ்ஏ கிட்

ஒரு நிறுவனம் குறிப்பிட்ட மாடலில் குறைந்தது ஒரு விமானத்தையாவது முழுமையாகத் தொழிற்சாலையில் தயாரித்து லைட்-ஸ்போர்ட் சான்றிதழ் வாங்கியிருந்தால், அதே மாடலைக் கிட்டாக விற்கலாம். வாங்குபவர் கட்டி முடித்ததும் அது எக்ஸ்பெரிமெண்டல் லைட்-ஸ்போர்ட், சுருக்கமாக ஈ-எல்எஸ்ஏ, என்று பதிவாகும். இங்கே 51 சதவீத விதி கிடையாது. பாதிக்கு மேல் நீங்களே செய்தீர்கள் என்று யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆள் வைத்துக் கட்டினாலும் தடையில்லை.

பதிலுக்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. சான்றிதழ் கைக்கு வரும் நாள் வரை, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடி அச்சு அசலாகக் கட்ட வேண்டும். இன்ஜின், பிரொப்பெல்லர், டைனான் அல்லது கார்மின் கம்பெனியின் மீட்டர் திரை, வயரிங் எல்லாம் அவர்கள் கொடுத்ததே. ஆர்வி-12ஐஎஸ் என்றால் ரோட்டாக்ஸ் 912, தரையில் கோணம் மாற்றும் சென்சனிக் பிரொப்பெல்லர், அவ்வளவுதான். "இந்த ஸ்விட்சை இரண்டு அங்குலம் தள்ளி வைக்கிறேன், வேறு கம்பெனி விளக்கு போடுகிறேன்" என்றால் தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். அது இல்லாமல் செய்துவிட்டு ஆய்வாளர் முன் நின்றால் அன்றைய ஆய்வு அங்கேயே முடியும். மாற்ற ஆசைப்பட்டதையெல்லாம் சான்றிதழ் வந்த மறுநாளிலிருந்து மாற்றலாம். இதைப் புரிந்துகொண்டவர்கள் கூடுதல் வயருக்கான குழாயை மட்டும் யோசித்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

பலன் மூன்று இடத்தில் தெரியும். சோதனைப் பறப்புக் காலம் பொதுவாக 5 மணி நேரம்தான், அமெச்சூர்-பில்ட்டில் 25 அல்லது 40. கட்டும் நேரம் குறைவு: ஆர்வி-12 கிட்டுக்கு 700 முதல் 900 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. துளைகள் எல்லாம் இறுதி அளவிலேயே போடப்பட்டு வரும். கிளிக்கோ (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடிக்கும் கவ்வி) போட்டு இறுக்கி, பிசிறு நீக்கி, புல் ரிவெட் (ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கும் ஆணி) அடித்துக்கொண்டே போகலாம். மூன்றாவது பலன் விற்கும்போது தெரியும். 16 மணி நேர வகுப்பு ஒன்றை முடித்தால், விமானத்தை வாங்கியவரே தன் விமானத்துக்கு ஆண்டு ஆய்வு செய்து கையெழுத்துப் போடலாம். கட்டியவர் யார் என்பது பொருட்டில்லை.

இதில் எது தவறும்? வேலை எளிது என்பதாலேயே அவசரம் வரும். புல் ரிவெட்டில் தலை தகட்டோடு ஒட்டாமல் மயிரிழை இடைவெளி நிற்பது அடிக்கடி காணும் குறை. துளையோரப் பிசிறை நீக்காமல் விட்டதும், ரிவெட் அடிக்கும் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்ததும்தான் காரணம். அந்த ரிவெட்டை எண் 30 டிரில்லால் எடுக்கும்போது டிரில் நழுவினால் துளை நீள்வட்டமாகிவிடும். அப்புறம் ஒரு அளவு பெரிய ரிவெட் போட வேண்டும், அதற்கும் ஈ-எல்எஸ்ஏவில் தயாரிப்பாளரைக் கேட்க வேண்டும். இன்னொரு ஆபத்து பணம் சார்ந்தது. முழு கிட்டுக்கும் ஒரே நாளில் பணம் கட்டாதீர்கள். 2023 டிசம்பரில் வேன்ஸ் நிறுவனமே லேசரில் வெட்டிய பாகங்களின் விரிசல் பிரச்சினைக்கும் பணத்தட்டுப்பாட்டுக்கும் பிறகு திவால் பாதுகாப்பு கேட்டது. பிறகு மீண்டு வந்தது, ஆனால் விலையை உயர்த்தித்தான். வால், இறக்கை, உடல், இறுதிப் பகுதி, இன்ஜின், மின்னணுப் பகுதி என்று கிட் துண்டு துண்டாகத்தான் விற்கப்படுகிறது. அப்படியே வாங்குவது நல்லது.

அமெச்சூர்-பில்ட் கிட்

இதுதான் பழைய, பெரிய வழி. பெரும்பகுதி வேலையைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தனிநபர்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. 51 சதவீதம் என்று எல்லோரும் சொன்னாலும் இதை மணிக்கணக்காலோ பணக்கணக்காலோ அளப்பதில்லை. படிவம் 8000-38 என்ற பட்டியலில் ஒவ்வொரு வேலையும் தனித்தனி வரி: இறக்கை ஸ்பார் (இறக்கையின் நீள உத்தரம்) செய்தல், விலா பொருத்துதல், கட்டுப்பாட்டுக் கம்பி அமைத்தல் என்று போகும். எத்தனை வரியில் உங்கள் பெயர் நிற்கிறது என்பதுதான் கணக்கு. இன்ஜின், பிரொப்பெல்லர், சக்கரம், மீட்டர்கள் போன்றவற்றை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. பெயிண்டும் இருக்கைத் தையலும் கணக்கிலேயே வராது. எனவே அவற்றை வெளியே கொடுத்துச் செய்யலாம், பங்கு குறையாது. எஃப்ஏஏ முன்பே ஆராய்ந்து ஏற்ற கிட்டுகளின் பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள கிட் என்றால் பாதிச் சுமை இறங்கிவிடும். ஆனால் அந்த ஏற்பு கிட் வந்த நிலைக்குத்தான். "வேகமாகக் கட்டும்" கிட் வாங்கி, அதன் மேல் கட்டித் தரும் கடைக்காரரிடமும் வேலை கொடுத்தால் கணக்கு கவிழ்ந்துவிடும்.

சுதந்திரம் இங்கேதான். ஜெனித் நிறுவனத்தின் சிஎச் 750 குட்டி ஓடுபாதையில் இறங்கும் தகட்டு விமானம்; ரோட்டாக்ஸ், கான்டினென்டல், ஜாபிரு என்று பல இன்ஜின்களில் பறக்கிறது. சோனெக்ஸ் ஃபோக்ஸ்வேகன் கார் இன்ஜினிலிருந்து பிறந்த 80 குதிரைத்திறன் ஏரோவீயோடு போகிறது. கிட்ஃபாக்ஸ் எஃகுக் குழாயும் துணியும். ஆர்வி-12ஐயே அமெச்சூர்-பில்ட்டாகப் பதிவு செய்து வேறு இன்ஜின் போட்டவர்களும் உண்டு.

இன்ஜின் தேர்வில் ஒரு கணக்கை மறக்காதீர்கள். டைப் சான்றிதழ் பெற்ற இன்ஜினும் பிரொப்பெல்லரும் சான்று பெற்ற ஜோடியாக இருந்தால் சோதனைக் காலம் 25 மணி, இல்லையென்றால் 40. ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் சான்றிதழ் இல்லாத பதிப்பு, எனவே 40. கான்டினென்டல் ஓ-200ஐ அதற்கேற்ற சான்று பெற்ற பிரொப்பெல்லருடன் போட்டால் 25, ஆனால் மூக்கில் கணிசமான எடை கூடும். பதினைந்து மணி நேரச் சோதனையை மிச்சம் பிடிக்க, விமானத்தின் வாழ்நாள் முழுக்க அந்த எடையைச் சுமப்பது எங்கள் கணக்கில் நஷ்டம்.

சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் கட்டிய விமான விபத்துகளில் இன்ஜின் செயலிழப்பையும் காற்றில் கட்டுப்பாடு இழப்பதையும் முதன்மையாகக் காட்டியது. இன்ஜின் என்றதும் பிஸ்டனை நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கோளாறு எரிபொருள் பாதையில்தான்: வளைவில் நெளிந்த குழாய், தலைகீழாகப் போட்ட வடிகட்டி, டேங்க் காற்றுத்துளை அடைப்பு, சூடான குழாய்க்குப் பக்கத்தில் ஓடும் ரப்பர் ஹோஸ். தீர்வு மலிவானது. விமானத்தின் மூக்கை உச்ச ஏறுகோணத்துக்கு உயர்த்தி வைத்து, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, வாளியில் எரிபொருளை விட்டு நேரம் பாருங்கள். ஈர்ப்பால் வரும் அமைப்பில் டேக்-ஆஃப் செலவின் ஒன்றரை மடங்கும், பம்ப் வைத்ததில் ஒன்றேகால் மடங்கும் வர வேண்டும். 912 யூஎல்எஸ் முழுச் சக்தியில் மணிக்குச் சுமார் 27 லிட்டர் குடிக்கும். எனவே ஈர்ப்பில் 40 லிட்டர், பம்பில் 34 லிட்டர். டேங்க் கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்போதும் இதைச் செய்யுங்கள். நிறைந்த டேங்கில் எல்லாமே நன்றாக ஓடும்.

வடிவமைப்பே குறைபட்டிருக்கும் ஆபத்து இரு வழிக்கும் பொது. ஜெனித் சிஎச் 601 எக்ஸ்எல் விமானங்கள் 2006 முதல் காற்றிலேயே உடைந்து விழுந்ததில் பலர் இறந்தனர். 2009 ஏப்ரலில் பாதுகாப்பு வாரியம் அந்த மாடலைப் பறக்கவிடாமல் நிறுத்தச் சொல்லி எஃப்ஏஏவுக்குப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்பாரை வலுப்படுத்தி ஏலரானுக்கு (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்) எதிர்எடை வைக்கும் திருத்தம் வந்தது. தொழிற்சாலை விமானத்துக்கு அப்படிப்பட்ட திருத்தம் கட்டாயம். அமெச்சூர்-பில்ட்டில் அதைச் செய்யும் பொறுப்பு உங்கள் தலையில். அந்த மாடலைப் பழையதாக வாங்குபவர் பதிவேட்டில் முதலில் தேட வேண்டியது இந்தத் திருத்தத்தைத்தான்.

ஆண்டு ஆய்வு விஷயத்தில், அமெச்சூர்-பில்ட்டில் நெடுங்காலமாக இருந்த நடைமுறை இது: கட்டியவருக்கு அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் ரிப்பேர்மேன் சான்றிதழ் (தானே ஆய்வு செய்து கையெழுத்திடும் உரிமை), அவரிடமிருந்து வாங்கியவர் ஆண்டு ஆய்வுக்கு உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் போக வேண்டியிருந்தது. ஈ-எல்எஸ்ஏ பழைய சந்தையில் சீக்கிரம் விற்றதற்கு இதுவும் ஒரு காரணம். மொசைக் ரிப்பேர்மேன் விதிகளையும் தொட்டிருக்கிறது. வாங்கும் நாளில் நடப்பில் உள்ள எஃப்ஏஏ விதிகளின் 65-ஆம் பகுதியைப் படித்துக்கொள்வது அவசியம்.

வரைபடத்திலிருந்து

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1929-இல் மினசோட்டாவில் பிறந்த பீட்டன்போல் ஏர் கேம்பர் இன்றும் வரைபடத்திலிருந்து கட்டப்படுகிறது: ஸ்ப்ரூஸ் மரம், பசை, துணி. பழைய 2004 விதிக்குள்ளேயே சுலபமாக அடங்கும். 51 சதவீதம் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பணம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், ஆனால் ஆண்டுகள் கரையும். பறப்பதைவிடக் கட்டுவதில் ருசி உள்ளவருக்கு மட்டும். "மலிவு" என்று இதில் இறங்குபவர்கள்தான் பாதியில் விற்கிறார்கள், பாதிக் கட்டிய விமானத்துக்கு விலையும் கிடையாது.

எடையும் ஸ்டாலும்: எந்த வழியானாலும் சறுக்கும் இடம்

அமெச்சூர்-பில்ட்டில் அதிகபட்ச எடையைக் கட்டியவரே நிர்ணயிக்கிறார். பழைய விதியில் "முதல் சான்றிதழ் பெற்ற நாளிலிருந்து தொடர்ச்சியாக" வரம்புக்குள் இருந்திருக்க வேண்டும் என்ற வரி பலரைக் கவிழ்த்தது. 1,400 என்று முதலில் எழுதிவிட்டுப் பிறகு 1,320 ஆக்கினால் விமானம் தகுதிக்குத் திரும்பவில்லை. எனவே பின்னால் குறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் எடையை உயர்த்தி எழுத வேண்டாம். மேலே சொன்ன கணக்கை முதலிலேயே போட்டு, 59-க்கு இரண்டு மூன்று நாட் கீழே நிற்கும் எடையை எழுதுங்கள். எடையின் வர்க்கமூலத்தோடுதான் ஸ்டால் வேகம் நகரும்: 1,750 பவுண்டில் 62 நாட் என்றால் 1,550-இல் சுமார் 58.3. இருநூறு பவுண்டு விட்டுக்கொடுத்தால் நாலு நாட்கூடக் கிடைக்காது.

வெற்று எடை எப்போதும் கூடித்தான் நிற்கும். முழு பெயிண்ட் 15 முதல் 25 பவுண்டு. சக்கர உறை, இருக்கைத் துணி, இரண்டாவது பேட்டரி எல்லாம் சேரும். லைட்-ஸ்போர்ட் விமானங்களுக்கான தரநிலையில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது: இருக்கைக்கு 190 பவுண்டு, அதோடு குதிரைத்திறனில் பாதி எண்ணிக்கை பவுண்டு எரிபொருள். நூறு குதிரைத்திறன் இரு இருக்கை என்றால் 430 பவுண்டு சுமக்க வேண்டும். 1,320-இலிருந்து கழித்தால் வெற்று விமானம் 890-ஐத் தாண்டக் கூடாது. எடையே எழுதாத புதிய விதியிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தாண்டினால் அது இருவர் விமானம் இல்லை, ஒருவரும் ஒரு பையும் போகும் விமானம்.

ஸ்டால் வேகத்தைச் சோதனைப் பறப்பில் அளக்கும்போது மீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள். மூக்கு தூக்கிய நிலையில் வேக மீட்டருக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாய்க்கும் ஸ்டாட்டிக் துளைக்கும் காற்று சரியாகப் போகாது. மீட்டர் குறைத்துக் காட்டும். 54 என்று காட்டும் இடத்தில் உண்மை 60 ஆக இருக்கலாம். விதி பேசுவது பிழை நீக்கிய வேகத்தை. ஸ்டாலுக்குச் சற்று மேலான வேகத்தில் நான்கு திசையிலும் உயரம் மாறாமல் பறந்து ஜிபிஎஸ் வேகங்களைச் சராசரி எடுத்து, உயரத்துக்கும் வெப்பத்துக்கும் திருத்தினால் மீட்டரின் பிழை எவ்வளவு என்று தெரியும். சோதனையை முழு எடையில், எடைமையம் முன்னெல்லையில் இருக்கும்படி செய்யுங்கள். மூக்கு கனத்தால் வால் கீழ்நோக்கி அதிகம் அழுத்தும், ஸ்டால் வேகம் ஏறும். மணல் மூட்டையைக் கட்டாமல் வைக்காதீர்கள்.

இங்கே ஒரு காகிதப் பொறி. அமெச்சூர்-பில்ட் இயக்க நிபந்தனைகள், சோதனை முடிவில் பதிவேட்டில் எழுதச் சொல்லும் ஸ்டால் வேகம் ஃபிளாப் இறக்கியது. ஸ்போர்ட் பைலட் தகுதிக்கு வேண்டியது ஃபிளாப் இறக்காதது. இரண்டாவதையும் எடை, எடைமையம், தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த வரி இல்லாத விமானத்தைப் பின்னாளில் வாங்குபவர் தகுதியை நிரூபிக்கத் திணறுவார்.

யாருக்கு எது

இரண்டு ஆண்டுக்குள் பறக்க வேண்டும், பட்டறை ஆசை பெரிதாக இல்லை, பின்னால் விற்கவும் கூடும் என்றால் ஈ-எல்எஸ்ஏ கிட். சொந்த இன்ஜின், சொந்த பேனல், அதிக வேகம் வேண்டும் என்றால் அமெச்சூர்-பில்ட். இப்போது அதற்கு எடைச் சாக்கு கிடையாது. இரண்டுக்கும் நடுவில் தயங்குபவர் ஈ-எல்எஸ்ஏ கிட்டையே வாங்கி, அமெச்சூர்-பில்ட்டுக்குப் போவதுபோல ஒவ்வொரு படியையும் தேதியோடு, சொந்தக் கை தெரியும்படி படம் எடுத்து வைக்கலாம். நடுவில் கையேட்டை மீற நேர்ந்து ஈ-எல்எஸ்ஏ தவறினால், கிட் இடங்கொடுக்கும் பட்சத்தில், அந்தப் படங்கள்தான் 51 சதவீதத்துக்குச் சாட்சி.

காகித வேலையில் பதிவைக் கடைசிக்கு விடாதீர்கள். அமெச்சூர்-பில்ட்டுக்கு 8050-88 என்ற உரிமை உறுதிமொழி, பதிவு விண்ணப்பம், 8130-12 தகுதி அறிக்கை, 8130-6 பறப்புத்தகுதி விண்ணப்பம். ஈ-எல்எஸ்ஏவுக்குத் தயாரிப்பாளர் தரும் 8130-15 இணக்க அறிக்கை இல்லாமல் வழியே இல்லை. அது கைக்கு வந்த அன்றே தனியாக எடுத்து வையுங்கள். அங்கே வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் கிட்டுக்குப் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது ஒன்று: தனிநபர் பெயரில் பதிவு செய்ய அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். பறக்கப் பயிற்சி எடுக்கவும் குடிமகன் அல்லாதவர் முதலில் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான டிஎஸ்ஏவின் அனுமதி பெற வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் வால் கிட்டோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை அட்டை வந்த பிறகு வாங்கலாம். வால் கெட்டுப்போகாது, உலர்ந்த இடத்தில் துணி சுற்றி வைத்தால் போதும்.